பத்து சென்ட் நாணல்

சேலம் சூரமங்கலம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் கொல்லையில் நிற்கும் வாழைக்குப் போகும். வாழை இல்லாவிட்டால் கல்வாழை, சேம்பு. இப்போது கொல்லையே இல்லை. வீட்டுத் தண்ணீர் சாக்கடைக்கு, சாக்கடை ஏரிக்கோ திருமணிமுத்தாற்றுக்கோ. சேர்வராயன் மலையில் தெளிவாகப் பிறக்கிற ஆறு, சேலத்தைத் தாண்டும்போது நுரையும் சாயமுமாக ஓடிய நாட்களைப் பார்த்தவர்கள் நாம்.

அந்த வாழைப்பாத்தியையே அளவு பார்த்துக் கட்டினால் அதற்குப் பெயர் செயற்கை ஈரநிலம். 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி கோரையையும் நாணலையும் வைத்து இதைச் சோதித்தார். முதலில் கசடு இறங்க ஒரு தொட்டி; பிறகு ஜல்லிப் படுகை; அதன் மேல் நாணல், சம்பு, கல்வாழை. அழுக்கைச் செடி குடித்துவிடும் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலான வேலை ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியாவுடையது. வேர் கசியவிடும் ஆக்சிஜனில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும். காற்றுப் புகாத மூலையில் இன்னொரு வகை அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். நம் வெயிலில் இது ஜெர்மனியைவிடச் சுறுசுறுப்பாக நடக்கும்.

ஆளுக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டர் படுகை வேண்டும் என்பது ஒரு தோராயக் கணக்கு. நூறு வீட்டுத் தெருவுக்குப் பத்து முதல் இருபது சென்ட். சேலம் ஜங்ஷன் பக்கம் சென்ட் என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். புறம்போக்கிலும் ஏரியோரத்திலும்தான் இடம் தேட வேண்டும்.

இதையே ஊர் அளவில் செய்யும் இடமும் உண்டு. கொல்கத்தாவின் கிழக்கே நகரத்துச் சாக்கடை ஆழமில்லாத மீன்குளங்களில் தேங்கி, வெயிலாலும் பாசியாலும் தெளிந்து, மீனாகி ஊருக்கே திரும்புகிறது. மீனவர்கள் அனுபவத்தில் கண்ட முறை. அதை உலகுக்குச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர். அந்த 12,500 ஹெக்டேர் ஈரநிலம் 2002இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் சேலத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. சாயப்பட்டறைத் தண்ணீரின் உப்பை நாணல் எடுக்காது. கொலுசுப் பட்டறையில் அமிலத்தோடு வெளிவரும் செம்பை எந்தப் பாக்டீரியாவும் செரிக்காது. அது சேற்றில் தங்கும், மீனில் ஏறும். ஆகவே பட்டறைத் தண்ணீரைப் பட்டறையிலேயே நிறுத்தாமல் ஈரநிலம் அமைப்பது வீண் செலவு. பராமரிப்பும் வேண்டும். ஆகாயத்தாமரைகூட அழுக்கை உறிஞ்சும்தான். அள்ளாமல் விட்டால் அழுகி, உறிஞ்சியதையெல்லாம் ஏரிக்கே திருப்பித் தரும்.

2010இல் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சேலம் மக்கள் குழு தூர்வாரி, அந்த மண்ணிலேயே தீவுகள் எழுப்பி மரம் நட்டது. பெரிய காரியம். ஆனால் ஏரியைத் தூர்வாருவது ஒரு வேலை, அதற்குள் வரும் தண்ணீரைச் சுத்தம் செய்வது வேறு வேலை. இரண்டாவதில்தான் நாம் கோட்டைவிடுகிறோம். கரைக்கு விளக்கும் நடைபாதையும் போடுவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது.

அடுத்த முறை வார்டு உறுப்பினர் உங்கள் தெருவுக்கு வந்தால், பள்ளப்பட்டி ஏரிக்கு இன்னொரு அலங்கார வளைவு கேட்காதீர்கள். சாக்கடை வந்து விழும் வாய்க்கால் முகப்பில் பத்து சென்ட் ஜல்லிப் படுகையும், அதைப் பராமரிக்கச் சம்பளத்தோடு இரண்டு ஆட்களும் கேளுங்கள்.