காகிதத்துக்கு யானை வெடியா?

பெரிய தோட்டாதான் தொலைதூரத்தில் குறி தவறாது என்ற மூடநம்பிக்கை ஒன்று அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களில் பலருக்கு உண்டு. மூடநம்பிக்கை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கணக்குப் பார்த்த மாத்திரத்தில் கரைந்துபோகிற அபிப்பிராயத்துக்கு வேறு என்ன பெயர்?

1975இல் பால்மிசானோ, பிண்டெல் என்ற இருவர் 6 மில்லிமீட்டர் பி.பி.சி. என்ற குட்டைத் தோட்டாவை உருவாக்கினார்கள். மேஜைமேல் மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, நூறு இருநூறு கஜத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரே துளையில் நுழைக்கப் பார்க்கும் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ பந்தயத்துக்காகப் பிறந்தது அது. பிறகு அந்தப் பந்தயத்தையே தன்வசமாக்கிக்கொண்டது. “இருநூறு கஜத்துக்குச் சரி, ஆயிரம் கஜத்துக்கு இது விளையாட்டுச் சாமான்” என்றார்கள் பெரிய தோட்டாக்காரர்கள்.

கடுகு, காரம் என்று பழமொழி சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அவர்கள் சொன்னதில் பாதி வாஸ்தவம். பி.பி.சி. குழாயின் உட்புற வரி வழக்கமாகப் பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 68 கிரெயின் குண்டுக்கு அது போதும். நீளமான 105 கிரெயின் குண்டோ அதில் தலைகுப்புறப் புரளும். ஆனால் அது குழாயின் குற்றம், தோட்டாவின் குற்றமல்ல. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்த குழாயைப் பொருத்துங்கள். பி.பி.சி.யைவிடச் சற்றே பெரிய 6 பி.ஆர். தோட்டாவில் அந்த நீளக் குண்டைப் போடுங்கள். சுமார் 30 கிரெயின் மருந்தில் வினாடிக்கு 2,800 அடி வேகம் கிடைக்கும். பேர்பெற்ற .308 தோட்டா 40 கிரெயினுக்கு மேல் மருந்தைத் தின்றுவிட்டு, தன் 168 கிரெயின் குண்டை ஆயிரம் கஜத்துக்கு முன்பே ஒலியின் வேகத்துக்கு இறக்கித் தள்ளாட வைக்கிறது. காற்றைக் கிழிப்பது குண்டின் உருவம். மருந்தின் மூட்டையல்ல.

பெரிய மாக்னம் தோட்டாவின் கனத்த குண்டைக் காற்று குறைவாகத்தான் தள்ளும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று என் சிறிய குண்டை ஆயிரம் கஜத்தில் ஆளுயரத்துக்கு மேலேயே நகர்த்திவிடும். காற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு அது மன்னிப்பு வழங்காது. ஆனால் மாக்னத்தின் உதையை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறானே, அவனை எந்தக் குண்டு மன்னிக்கும்? இருபதாவது வெடிக்குள் அவன் தோள் வீங்குகிறது. அளவுக்கு மீறிய மருந்து குழாயின் தொண்டையையும் அரித்துவிடுகிறது. “எனக்குக் கை வராது” என்று அவன் துப்பாக்கியை விற்றுவிட்டுப் போகிறான். கை வராதவனல்ல அவன். தவறான புத்திமதி கேட்டவன். என் கோபமெல்லாம் அந்தப் புத்திமதியின் மேல்தான்.

ஆயிரம் கஜப் போட்டிக்கென்றே பென்சில்வேனியாவில் ஒரு சங்கம் 1967இல் ஏற்பட்டது. அந்த நாளில் அவ்வகைப் போட்டி என்றால் பெரிய மாக்னங்களின் ராஜ்யம். இன்று ஆயிரம் கஜ மேஜைகளில் 6 பி.ஆரும், அதன் தோளைச் சற்று முன்தள்ளிச் செய்த டாஷரும் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போகின்றன.

மான் வேட்டையானால் நான் வாயை மூடிக்கொள்வேன். அங்கே அடியின் பலமும் வேண்டும். இங்கே எதிரில் நிற்பது காகிதம். துளை விழுந்தால் போதும் அதற்கு. அதற்குப் போய் யானை வெடி கேட்கிறவர், குறியைப் பார்க்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் தம்மைப் பார்க்கிறாரா என்று பார்க்கிறார்.