பழைய இரும்பும் எங்கட பிள்ளைகளும்

ஞாயிறு பூசை முடிஞ்சு சனம் வீடு திரும்புற நேரம் பார்த்துத்தான் அந்த வண்டி நறுவிலிக்குளத்துக்குள்ள வரும். "பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம், பற்றரி..." என்று ஸ்பீக்கர் சத்தம் ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்கும். கம்பஸ் லீவில வீட்டுக்கு வந்து நிற்கிற எங்களுக்கு அது நித்திரையைக் கெடுக்கிற சத்தம். அம்மாமாருக்கோ கைச்செலவுக்குக் காசு. ஓட்டைத் தாச்சி, உடைஞ்ச மண்வெட்டி, சைக்கிள் ரிம் எல்லாம் தராசில ஏறும்.

இந்தத் தொழிலைக் கேவலமாகக் கதைக்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. மீள்சுழற்சி பற்றி நாங்கள் கருத்தரங்கு வைக்கிறோம். அதைச் செய்கிறவர் இந்த வண்டிக்காரர். ஒரு தொன் பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1.4 தொன் இரும்புத்தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சம் என்று உலக உருக்குச் சங்கம் கணக்குச் சொல்கிறது. மின் உலையில் 1600 பாகை செல்சியஸ் அளவில் உருகி, பாளமாக வார்க்கப்பட்டு, வீடு கட்டுகிற கம்பியாகத் திரும்பி வருகிறது.

ஆனால் எங்கட மண்ணில் கிடக்கிற இரும்பெல்லாம் தாச்சியும் மண்வெட்டியும் இல்லை. 1990 இல் தலைமன்னார் ரயில் நின்றது. வடக்கில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் மூடப் போயின. 2015 மார்ச்சில் புதுத் தண்டவாளத்தில் ரயில் திரும்பவும் தலைமன்னாருக்கு ஓடியது. இடைப்பட்ட காலத்தில் விழுந்த செல்லுகளில் வெடிக்காதவையும் உண்டு. மீள்குடியேறிய சனத்துக்குக் கையில் தொழில் இல்லை, காணியில் இரும்பு இருந்தது. அதைப் பொறுக்கப் போய்க் கை காலை, உயிரை இழந்தவர்கள் வடக்கில் இருக்கிறார்கள்.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கைக்கு, அவற்றை அகற்றி முடிக்கக் கொடுத்திருக்கும் தவணை 2028 ஜூன். வேலை இன்னும் முடியவில்லை.

"பொறுக்காதே" என்று சொல்வது சுகம். சாமான் விலை ஏறின வீட்டில், ஒரு கிலோ இரும்பின் காசு ஒரு நேரச் சோறு. ஆகவே நாங்கள் கேட்பது வேறு. சின்னப் பிள்ளைகள் கொண்டுவருகிற இரும்பை வாங்கக் கூடாது. எங்கே எடுத்தது என்று வாங்குகிறவர் கேட்க வேண்டும். செல்லுத் துண்டு மாதிரித் தெரிந்தால் விலை பேசவே கூடாது. பிரதேச சபை வியாபாரிகளைப் பதிந்து, இவற்றை நிபந்தனையாக வைக்கலாம். காசு கிடைக்காத இடத்துக்கு ஆபத்தான இரும்பு வராது.

எங்கட பங்கும் இருக்கிறது. லீவில நிற்கிற நாங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்போம்: சந்தேகமான எதையும் தொடாதே, தட்டிப் பார்க்காதே, வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலரிடமோ பொலிசிலோ சொல்லு.

அடுத்த ஞாயிறும் வண்டி வரும். அம்மாமார் தாச்சியை விற்கட்டும். தம்பிமார் காட்டுப் பக்கம் சாக்கோடு போனால் மட்டும், எங்க போறாய் என்று ஒரு வார்த்தை கேட்போம்.