அயல்நாட்டுக் கல்வியும் அந்நாட்டு மொழியும்

கல்வி தேடி நெடுந்தொலைவு செல்லுதல் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. நபிமொழிகளைத் திரட்டுவதற்காக நகர் நகராகச் சென்ற இமாம் புகாரி முதலிய பெருமக்கள் பயணத்தையே கல்வியின் ஒரு பகுதியாகக் கொண்டனர். பயணம் என்னும் பொருள்தரும் ‘ரிஹ்லா’ என்ற அரபுச் சொல், அறிவு தேடிச் செல்லும் பயணத்தையும் குறித்து வழங்கியது. இன்றோ, அயல்நாட்டுக் கல்வி என்றவுடன் நம் இல்லங்களில் இரண்டு வினாக்களே எழுகின்றன. செலவு எவ்வளவு? வேலை கிடைக்குமா? இவை தேவையற்ற வினாக்கள் அல்ல. எனினும், கேட்கப்படாத மூன்றாவது வினா ஒன்று உண்டு. செல்லும் மாணவர் அந்நாட்டு மக்களின் மொழியைக் கற்பாரா? ஒரு பயணம் கல்வியாக அமைவதும் வெறும் சுற்றுலாவாகக் கழிவதும் இவ்வினாவிற்குரிய விடையைப் பொறுத்ததே என்பது நம் கருத்து. இதனை ஸ்பெயின் நாட்டைக் கொண்டு விளக்க விழைகின்றோம்.

ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்கள் சென்று பயில்வதற்கென ‘எராஸ்மஸ்’ என்னும் திட்டம் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அதன்வழிச் சென்றனர். பின்னர் அத்திட்டம் பெருகி வளர்ந்தபோது, மிகுதியான மாணவர்களை வரவேற்கும் நாடாக ஸ்பெயின் பல்லாண்டுகள் விளங்கியது. அந்நாட்டின் கிரனாடாப் பல்கலைக்கழகம் இவ்வகையில் ஐரோப்பாவிலேயே முன்னணியில் நிற்பதாகும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும் ஆண்டுதோறும் அந்நாட்டிற்குத் திரளாகச் செல்கின்றனர். ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி. எனவே, அதைக் கற்க இத்துணை மாணவர் விரும்புவதில் வியப்பில்லை.

அங்குச் செல்லும் மாணவர் அடையும் முதல் அனுபவம் திகைப்பேயாகும். நூலிற் கற்ற ஸ்பானியம் ஒன்றாகவும், தெருவிற் கேட்கும் ஸ்பானியம் வேறொன்றாகவும் இருக்கிறது. கிரனாடா அமைந்துள்ள அந்தலூசியப் பகுதியில் சொல்லின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஒலியை மக்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுவர். ஒருமையா, பன்மையா என அறியாது மாணவர் தடுமாறுவர். பகலுணவு இரண்டு மணிக்கு மேல். இரவுணவோ ஒன்பது, பத்து மணிக்கு. பார்சிலோனாவிற்குச் செல்வோருக்கு மற்றொரு வியப்பும் காத்திருக்கிறது. அங்கே பல்கலைக்கழக வகுப்புகள் பல கத்தலான் மொழியில் நடைபெறுகின்றன. 1939 முதல் 1975 வரை நீடித்த பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமிழந்திருந்த மொழி அது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிற்குப் பின்னர் அப்பகுதியில் ஆட்சிமொழியுரிமை பெற்றது. ஒரு நாட்டிற்கு ஒரே மொழிதான் என்றெண்ணி வந்த மாணவர், தாய்மொழியின்மீது ஒரு மக்கள் கொண்ட பற்றினை அவ்வகுப்பறையில் உணர்கின்றார். தமிழ் மாணவருக்கு இது தனியே விளக்கப்பட வேண்டியதன்று.

இத்திகைப்பினை எதிர்கொள்வதில் மாணவர்கள் இருவகைப்படுவர். தம் நாட்டவரோடே ஒரே வீட்டில் தங்கி, தம் மொழியே பேசி, வார இறுதியில் ஊர் சுற்றி, நிழற்படங்களோடு திரும்புவோர் ஒருவகையினர். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, பிழைபடப் பேசி, அவ்வீட்டுக் குழந்தை திருத்தத் தாமும் திருத்திக்கொண்டு, மொழியோடு அம்மக்களின் உள்ளத்தையும் அறிந்து திரும்புவோர் மற்றொரு வகையினர். செலவிட்ட காலமும் பணமும் இருவருக்கும் ஒன்றே. பெற்ற பயனோ ஒன்றன்று. அமெரிக்காவின் மிடில்பெரிக் கல்லூரி, தன் மொழிப்பள்ளி மாணவர்களிடம் கற்கும் மொழியை மட்டுமே பேசுவதாக உறுதிமொழி பெறுவது இக்கருத்துப் பற்றியே போலும். பிழை செய்ய நாணுபவர் மொழியைக் கற்றல் அரிது. கற்றவர் என்னும் செருக்கைக் களைந்து மீண்டும் மழலை பேச ஒருப்படுவதே அயல்நாட்டுக் கல்வியின் முதற்பாடம்.

இப்பாடத்தை நமக்குக் கற்பிக்கும் சான்று ஸ்பெயினின் வரலாற்றிலேயே உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனா நகரிலிருந்து ஜெரார்டு என்னும் அறிஞர் தொலைதோ நகருக்கு வந்தார். தாலமியின் ‘அல்மஜஸ்தி’ என்னும் வானியல் நூல் லத்தீனில் கிடைக்காமையால் அதனைத் தேடி வந்தவர் அவர். அங்கே அரபு நூல்களின் பெருக்கைக் கண்டு, அவற்றைப் படிப்பதற்காகவே அரபு மொழியைக் கற்றார். 1175ஆம் ஆண்டு அல்மஜஸ்தியின் மொழிபெயர்ப்பை முடித்தார். 1187ஆம் ஆண்டு மறைவதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனுக்குத் தந்தார். இப்னு சீனாவின் மருத்துவப் பேரிலக்கியமான ‘அல்கானூன்’ அவற்றுள் ஒன்று. ஐரோப்பா விழித்தெழுந்ததற்குரிய காரணங்களுள், பிறர் மொழியைக் கற்க நாணாத இத்தகைய மாணவர்களின் உழைப்பும் ஒன்றென்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

இனி, நம் நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் மேடைகளில் அந்தலூசியாவின் பெருமை பேசப்படாத நாளில்லை. குர்துபாவின் நூலகங்களைப் புகழ்கின்றோம். 1492இல் கிரனாடா வீழ்ந்தமைக்கு வருந்துகின்றோம். புகழ்ச்சியும் வருத்தமும் இயல்பே. ஆனால் அந்நாட்டின் இன்றைய மொழியை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? 1349இல் முதலாம் யூசுப் கிரனாடாவில் நிறுவிய மதரஸாவின் கட்டடம் இன்று அந்நகரப் பல்கலைக்கழகத்தின் உடைமையாக உள்ளது. தொலைதோவின் பழைய மொழிபெயர்ப்பு மரபு, கஸ்தீயா-லா மான்சாப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1994ஆம் ஆண்டு முதல் ஒரு நிறுவனமாக மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் அரபு வாழ்ந்துகொண்டிருக்கிறது. நகரத் தலைவரைக் குறிக்கும் ‘அல்கால்தே’ என்னும் சொல் ‘அல்காழி’ என்பதன் திரிபு. நம் ஊர்க் காஜியாருக்கு அது சுற்றம். விருப்பத்தை உணர்த்தும் ‘ஓஹலா’ என்பது, அல்லாஹ்வின் நாட்டத்தை வேண்டும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. ஆரஞ்சுப் பழத்தைக் குறிக்கும் ‘நரான்ஹா’ அரபு, பாரசீகம், வடமொழி எனப் பின்னோக்கிச் சென்று, நம் நாரத்தையோடு உறவுடைய திராவிட மூலத்தைச் சேரும் என மொழிநூலார் பலர் கருதுவர். மொழியைக் கற்றவருக்கே இவ்வுறவுகள் புலனாகும். கல்லாதவருக்கு அல்ஹம்ரா அழகிய கட்டடம் மட்டுமே.

சமுதாயப் பெரியோர்கள் எழுப்பும் ஐயங்களை நாம் புறக்கணிக்கவில்லை. உணவு, ஒழுக்கம், பெண்மக்களின் பாதுகாப்பு ஆகியன பற்றிய கவலை நியாயமானதே. ஸ்பெயினில் காய்கறி உணவிலும் பன்றியிறைச்சித் துண்டுகள் தூவப்படுவதுண்டு. அறிமுகமான ஆணும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் வைத்து முகமன் கூறுவதும் அங்கு வழக்கம். ஆனால், இந்நிலைகளில் மாணவருக்குக் கைகொடுப்பது எது? இதில் என்ன கலந்திருக்கிறது எனக் கேட்கவும், எங்கள் முறை வேறு எனப் புன்னகையோடு விளக்கவும் மொழி வேண்டும். மார்க்கத்தைப் பேணுதற்கும் மொழியே துணை. கிரனாடாவின் அல்பைசின் பகுதியில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பள்ளிவாசலில் இன்று தொழுகை நடைபெறுகிறது. மொழியறிந்த மாணவர் அங்குத் தொழுவதோடு நில்லாமல், ஸ்பானியம் பேசும் சகோதரர்களோடு உரையாடியும் திரும்புவார்.

எல்லோராலும் ஸ்பெயினுக்குச் செல்ல இயலாது. அதனை நாம் நன்கறிவோம். ஆயினும், மொழியைக் கற்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஸ்பானிய அரசு 1991இல் தோற்றுவித்த செர்வாந்தேஸ் நிறுவனத்தின் கிளை புதுதில்லியில் இயங்குகிறது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகிறது. நம் கல்லூரிகளும் மாலைநேரச் சான்றிதழ் வகுப்பொன்றைத் தொடங்கலாம். சமுதாயச் செல்வர்கள் ஆண்டிற்கு ஓரிரு மாணவ மாணவியரின் மொழிக்கல்விச் செலவை ஏற்கலாம்.

தமிழ்த்துறைக்கும் இதிற் பங்குண்டு. 1915 முதல் தாகூரின் படைப்புகளை ஸ்பானியருக்குத் தந்த செனோபியா காம்புருபியும் அவர்தம் கணவர் ஹுவான் ரமோன் ஹிமெனெசும் ஆங்கிலத்தின் வழியாகவே அவற்றைப் பெற்றனர். இலத்தீன் அமெரிக்க நாவல்களும் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன. இடையில் நிற்கும் மொழியை விலக்கி, ஸ்பானியத்திலிருந்து நேராகத் தமிழுக்கும், தமிழிலிருந்து நேராக ஸ்பானியத்திற்கும் நூல்களைக் கொண்டுசெல்வோர் நமக்குத் தேவை. அரபுத்தமிழ் என்னும் எழுத்து மரபையே உருவாக்கிய சமுதாயத்திற்கு இரு மொழிகளை இணைக்கும் பணி எட்டாததன்று.

அன்று அறிவு தேடிய ஐரோப்பிய மாணவர் அரபு கற்றார். அவர் நாடு உயர்ந்தது. இன்று அறிவு தேடும் நம் மாணவரும், செல்லும் நாட்டின் மொழியைக் கற்றே திரும்புதல் வேண்டும். முன்னோரின் புகழைப் பாடுதல் எளிது; அவர்தம் கல்வி வேட்கையைப் பெறுதலே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பாகும்.