நிலக்கரிச் சுரங்கத் திட்டங்கள்

பூமிக்கடியிலுள்ள சுரங்கங்களிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கும் நிலக்கரியை 2030-ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடி டன்னாக உயர்த்த வேண்டுமென்று இந்திய சர்க்கார் உத்தேசித்திருக்கின்றனர். 2023-24-இல் தேசம் முழுவதிலும் எடுத்த கரி ஏறக்குறைய நூறு கோடி டன். அதில் நிலத்தடிச் சுரங்கங்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் காட்டையும் வயலையும் தோண்டியெறிந்து திறந்த குழிகளில் வெட்டியெடுத்ததே. ஆகவே உத்தேசத்தைப் பற்றி நமக்கு ஆக்ஷேபமில்லை. அதை நிறைவேற்ற அதிகாரிகள் பெரிதும் நம்பியிருக்கும் முறைகளுள் ஒன்றான ‘லாங்வால்’ என்னும் நீள்சுவர் முறை நம் நாட்டில் பட்ட பாட்டை மறந்துவிட்டுப் புதிய திட்டங்களுக்குக் கையெழுத்திடுவார்களோ என்பதே நமது கவலை.

பழைய முறையில் கரியை ஆங்காங்கே வெட்டி, இடையிடையே தூண்களாக விட்டு, அத்தூண்களால் மேற்கூரையைத் தாங்குவார்கள். நீள்சுவர் முறையில் தூண்களுக்கு இடமில்லை. இருநூறு மீட்டர் அகலமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளமுமுள்ள கரிப்பாளத்தின் இரு பக்கங்களிலும் பாதை வெட்டி, அதன் குறுக்கே ‘ஷியரர்’ என்னும் யந்திரத்தை ஓட்டிக் கரியைச் சீவியெடுக்கிறார்கள். யந்திரத்தின் மேலும் அதை ஓட்டும் மனிதர் மேலும் பாறை விழாதபடி வரிசையாக நிற்கும் இரும்பு முட்டுகள், எண்ணெய் கலந்த நீரின் அழுத்தத்தால் கூரையைத் தாங்கி, கரி குறையக் குறைய முன்னே நகருகின்றன. பின்னே விட்ட வெற்றிடத்தில் கூரை தானாக இடிந்து விழ வேண்டும். விழுவதுதான் க்ஷேமம்! விழாமல் தொங்கினால் அந்தப் பாரமெல்லாம் முட்டுகளின் மேல் ஏறும். பிறகு ஒரே கணத்தில் முறிந்து இறங்கும்போது, முட்டின் வால்வு வழியே நீர் வேகமாக வெளியேறாவிட்டால் இரும்புக் கால்களே வெடித்துவிடும்.

ஆதலால், இம்முறையில் சுரங்கம் வகுப்பவன் முதலில் அறிய வேண்டியது கரியின் அளவையன்று. கரிக்கு மேலிருக்கும் பாறையின் குணத்தை. அது எவ்வளவு கனம், எவ்வளவு உறுதி, எத்தனை மீட்டர் தொங்கிய பின் முறியும் என்பவற்றை ஆழ்துளையிட்டுப் பாறைத் துண்டுகளை வெளியே எடுத்துச் சோதித்தே சொல்ல முடியும். அச்சோதனைக்குப் பிறகுதான் பாளத்தின் அகலத்தையும் முட்டின் வலிமையையும் நிர்ணயிக்க வேண்டும்.

நம் தேசத்தில் நடந்ததோ வேறு. இத்தகைய முட்டுகளுடன் முதல் நீள்சுவர் 1978-இல் ஜாரியா வட்டாரத்து மூனிடி சுரங்கத்தில் அமைந்தது. அடுத்த ஆண்டுகளில் வெளிநாட்டு யந்திரங்கள் பல கோடி ரூபாய்க்கு இறக்குமதியாயின. இன்று சத்தீஸ்கரிலுள்ள சுர்ச்சா சுரங்கத்தில், கரிப்படுகைக்கு மேலே ‘டோலரைட்’ என்னும் அக்கினிப் பாறை கனத்த பலகைபோல் கிடக்கிறது. எளிதில் முறியாத அப்பாறை நெடுந்தூரம் தொங்கி, 1990-இல் திடீரென்று இறங்கியது, முட்டுகள் நசுங்கின. ஏழு ஆண்டுகள் கழித்து, வங்காளத்து ராணிகஞ்ச் வட்டாரத்தில் பிரெஞ்சுக்காரரின் ஒத்துழைப்போடு நடந்த கோட்டாடி சுரங்கத்திலும் கடினமான மணற்பாறைக் கூரையின் கீழ் அதே கதி நேர்ந்தது.

பாறை வஞ்சித்துவிட்டதென்று சொல்வது பொருந்தாது. அது கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. சுரங்க ஆராய்ச்சிக்கென்று 1956-லேயே தன்பாதில் நிலையம் நிறுவிய தேசம் இது. கூரை எளிதில் இடியுமா என்று முன்கூட்டி மதிப்பிடும் கணக்குகளை நம் விஞ்ஞானிகளே வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் இளகிய கூரைகளுக்கு ஏற்ற முட்டு நம் மணற்பாறைக்கும் போதுமென்று நம்பியது யந்திரத்தின் குற்றமுமன்று. அன்னியன் விலைப்பட்டியலில் அச்சிட்டிருப்பதெல்லாம் பிரமாணம் என்னும் பழைய நோய், சுயராஜ்யம் வந்த பின்னும் நம்மவரை விடவில்லை.

தெலுங்கானாவிலுள்ள அட்ரியாலா திட்டத்தில், 2014-இல் வெட்டத் தொடங்கியபோது, ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேல் தாங்கக்கூடிய முட்டுகளை அமைத்தார்கள். இது முன்னேற்றமே. ஆயினும் 2022 மார்ச்சில் அச்சுரங்கத்தில் கூரை சரிந்து மூவர் மாண்டனர். வெட்டுமுகத்தில் பலத்த முட்டு நிறுத்திவிட்டால் போதாது. பாதைகள், அவை சந்திக்குமிடங்கள், இரு பாளங்களுக்கிடையே விடும் கரிச்சுவர், காற்றோட்டம், நீர் வரத்து, தீப்பற்றும் வாயு ஆகிய ஒவ்வொன்றையும் அதே கண்டிப்புடன் பரீக்ஷிக்க வேண்டும். இவற்றில் ஒன்றைக் குறைத்துக் கணக்கிட்டால் அந்தக் குறை மனித உயிரில் வசூலாகிறது.

மேலே வாழும் குடியானவனையும் மறப்பதற்கில்லை. கீழே கூரை இடியும்போது மேலே நிலம் தாழும். வீட்டுச் சுவர் பிளக்கும், கிணறு வற்றும். எந்த வயல் எவ்வளவு தாழும் என்பதை முன்கூட்டியே கணித்து வரைபடமிடலாம். நிபுணர்களுக்கு இது தெரிந்த வித்தை. அந்த வரைபடம் கம்பெனிப் பெட்டிக்குள் இருந்தால் குடியானவனுக்கு என்ன பயன்?

சுரங்கத்தை வகுப்பதும் நடத்துவதும் ஆகிய இரண்டு பொறுப்புகளையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் ஒப்புவிக்கும் வழக்கம் இப்போது பெருகி வருகிறது. கரி வெட்டுவதால் லாபமடைபவரே கூரையைப் பற்றிய சாட்சியும் நீதிபதியுமாக இருப்பதை எந்தக் கோர்ட்டும் ஒப்பாது. சர்க்கார் மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்? ஒவ்வொரு நீள்சுவர்த் திட்டத்துக்கும் ஆழ்துளைச் சோதனைகளின் முடிவும், முட்டின் வலிமைக் கணக்கும், நிலம் தாழும் வரைபடமும் ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படாத நிபுணர்களால் மதிப்பிடப்பட்டு, யந்திரத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். அவ்வறிக்கையின் பிரதி அந்தந்த ஊர்ப் பாஷையில் தொழிலாளர் சங்கத்துக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் கிடைக்க வேண்டும். இதனால் சில மாதங்கள் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும். சுர்ச்சாவிலும் கோட்டாடியிலும் அவசரம் மிச்சப்படுத்திய காலம் எவ்வளவு என்று பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் மந்திரியைக் கேட்பார்களாக.