ரிவெட் எண்ணுவது குற்றமா?

பிரிட்டனில் மாடல் ரயில் ஓட்டுகிற கூட்டத்தில் ஒருவரை மட்டம் தட்ட ஒரே ஒரு பட்டப்பெயர் போதும். 'ரிவெட் எண்ணுகிறவர்'. புது எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் ஒருவர் குனிந்து பார்த்து, "புகைபோக்கி கொஞ்சம் உயரமா இருக்கே?" என்கிறார். "ஆரம்பிச்சுட்டார்யா! ரிவெட்டையும் எண்ணிட்டீங்களா?" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். கேட்டவரும் சேர்ந்து சிரிக்கிறார். புகைபோக்கி உயரமா இல்லையா என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

கிண்டல் தப்பில்லை. தலை நரைத்த மனிதர்கள் சட்டைப் பித்தான் அளவுச் சக்கரத்துக்காக மல்லுக்கட்டும் இடத்தில் கிண்டல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் இந்தக் கிண்டல் எப்போதும் ஒரே திசையில்தான் பாய்கிறது. சரியானதைக் கேட்கிறவர் கோமாளி, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவர் தங்கமான மனிதர். என்ன நியாயம் இது?

கிண்டல்காரர்கள் கையில் இருக்கும் பிரம்மாஸ்திரம் தண்டவாளம். அங்கே அதிகம் விற்கும் 'டபுள் ஓ' வகையில் எஞ்சினும் பெட்டியும் அசலில் 76-ல் ஒரு பங்கு. ஓடும் பாதையின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். இது 87-ல் ஒரு பங்கான 'ஹெச்ஓ' வகைக்கு உரிய அகலம். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடம்பில் ஒல்லி. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழைய மறுத்தது. அதனால் உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குப் போட்டால், 4 அடி 8½ அங்குலம் இருக்கவேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. (நம்மூர் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-ல் ஒரு பங்கு போட்டால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். இந்திய எஞ்சினை 16.5-ல் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.) "ஏழு அங்குலத்தை முழுங்கிட்டு ரிவெட்டுக்கு அழறியே!" என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சிரித்து முடித்துவிட்டு யோசித்தால் வாதத்தில் ஓட்டை தெரியும். பாதை அகலம் எல்லோரும் தெரிந்தே ஒப்புக்கொண்ட சமரசம். தாத்தாவின் வண்டி பேரனின் தண்டவாளத்தில் ஓடவேண்டும், அதற்காக. பொறுக்க முடியாதவர்கள் 18.83 மி.மீ. பாதையைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். புகைபோக்கி தப்பாக இருப்பதில் யாருக்கு என்ன லாபம்?

அடுத்த வாதம், "பொம்மைதானே!" பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 வகை எஞ்சின்கள் மொத்தம் 49. 1948, 49-ல் கட்டியவை. 1966-க்குள் 49-ம் ஓய்வு பெற்று பழைய இரும்பாகிவிட்டன. ஒன்றைக்கூட யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. ஆர்வலர்கள் காசு திரட்டிப் புதிதாகக் கட்டிய 'டோர்னாடோ' 2008-ல் ஓடும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல் ஒரு ஏ1-ஐச் சுற்றிவந்து பார்க்கவேண்டுமென்றால் மாடலைத்தான் பார்க்கவேண்டும். அந்த மாடலில் புகைபோக்கி தப்பு என்றால், பார்க்கிற பையனின் மனதில் ஏ1-ன் புகைபோக்கியே தப்பு. அதைத் திருத்த அசல் எங்கே இருக்கிறது?

"ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க, தெரியாது" என்கிறவர்களும் உண்டு. பெரிய நீராவி எஞ்சின் ஒன்றின் விலை இன்று 200 பவுண்டைத் தாண்டுகிறது. அந்தப் பணத்தை யாராவது ரெண்டடி தள்ளி நின்று எண்ணுகிறார்களா?

சரி, எது துல்லியம்? இங்கேதான் ரிவெட்காரர்களின் உண்மையான பலம் இருக்கிறது. உலகமே அறிந்த 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்' எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1923-ல் வெளிவந்தபோது எண் 1472. அடுத்த வருடம் 4472. 1928-ல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை நிற்காமல் ஓடுவதற்காக, ஓட்டுநர்கள் நடுவழியில் ஆள் மாறிக்கொள்ள நடைவழி வைத்த டெண்டர். 1947-ல் புது பாய்லர். நாட்டுடைமைக்குப் பிறகு 60103. 1959 வாக்கில் இரட்டைப் புகைபோக்கி. 1961-ல் முகத்தின் இரு பக்கமும் புகையை விலக்கும் தகடுகள். இதில் எதை வாங்குவது? "எந்த வருஷத்து எஞ்சின்?" என்று கேட்காமல் அதற்குப் பதில் கிடையாது. அதைக் கேட்பதற்குத்தான் 'ரிவெட் எண்ணுவது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிண்டல் பண்ணியே ஆகவேண்டும் என்றால் அரைகுறைகளைப் பண்ணலாம். ஆப்பிள் பச்சையில் 4472 என்று எழுதி, கூடவே புகைத் தகடும் இருந்தால் "தப்பு, தப்பு!" என்று குதிப்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் அசல் எஞ்சினே அந்தக் கோலத்தில்தான் ஓடியது! பழைய சட்டை, புது மூஞ்சி. இன்னும் சிலர் உண்டு. லண்டன் பிரைட்டன் ரயில்வேயில் ஸ்ட்ரௌட்லி பூசிய நிறத்தின் பெயர் 'மேம்பட்ட எஞ்சின் பச்சை'. பார்த்தால் பழுத்த மாம்பழ மஞ்சள். "பச்சை எங்கே?" என்று யாராவது பெட்டியைத் திருப்பி அனுப்பினால் தாராளமாகச் சிரிக்கலாம்.

விற்கிறவர்கள் இப்போது பெட்டியின் மேல் காலகட்ட எண் அச்சடிக்கிறார்கள். 'எரா 3' என்றால் 1923 முதல் 1947 வரை. ஸ்காட்ஸ்மேனுக்கு எண்ணும் டெண்டரும் பாய்லரும் மாறியது எல்லாமே இந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். பக்கத்தில் வருடத்தையும் சேர்த்து அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?