சாரதியின் ஆசனம்

தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சிவகாசியில் லாரி ஏற்றும் இடங்களைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். பட்டாசுப் பெட்டிகள் ஒன்றோடொன்று உரசாமலும், நடு வழியில் சரியாமலும் இருக்கும்படி எத்தனை பக்குவமாக அடுக்குகிறார்கள்! விருதுநகரிலும் அப்படித்தான். மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கும் மல்லி மூட்டைகளுக்கும் மழைத் துளி படாமல் தார்ப்பாய் போர்த்தி இறுக்கிக் கட்டுகிறார்கள். சரக்குக்கு நடக்கும் இந்த உபசாரத்தில் பத்தில் ஒரு பங்காவது, அதைக் கொண்டுபோகும் மனிதனுடைய ஆசனத்துக்கு நடக்கிறதா என்பதை இந்த வாரம் விசாரிக்கலாம் என்று நினைக்கிறோம்.

விசாரணைக்குப் பழைய ராணுவ லாரியையே எடுத்துக்கொள்வோம். ஆசனக் குறை அதில்தான் ஒளிவு மறைவில்லாமல் தெரிகிறது.

இரண்டாவது உலக யுத்தம் 1945-இல் முடிந்த பிறகு, பட்டாளத்துக்கு வேண்டாமற் போன லாரிகளைச் சர்க்கார் விற்றார்கள். ‘டிஸ்போஸல் லாரி’ என்ற பெயர் அப்போதுதான் ஜனங்கள் வாயில் புகுந்தது. அந்த யுத்தத்துக்காகக் கனடா தேசம் மட்டும் 8 லட்சத்துக்கு மேற்பட்ட ராணுவ மோட்டார் வாகனங்களைச் செய்து அனுப்பியது. அவற்றில் ஃபோர்டு, செவர்லே கம்பெனிகள் கட்டிய மூக்குச் சப்பையான லாரிகள் பிரசித்தமானவை. கப்பலில் இடம் அடைக்காதபடி வண்டி குட்டையாக இருக்க வேண்டும், எஞ்சினோ பெரியது. ஆகவே எஞ்சினை ஓட்டுபவருடைய பக்கத்திலேயே கொண்டுவந்து நுழைத்தார்கள். அவருடைய கால்களும் கிளச்சும் பிரேக்கும் மிச்சமிருந்த சந்துக்குள் ஒடுங்கின.

நம் தேசம் சுதந்திரம் அடைந்த பின்னர், ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியிடம் அனுமதி பெற்று, 1959-இல் ஜபல்பூரில் ‘சக்திமான்’ ராணுவ லாரியை நாமே செய்யத் தொடங்கினோம். 1996 வரையில் அது உற்பத்தியாயிற்று. ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வருவதும், அவற்றை வாங்கிப் புதுப்பிப்பதில் பிரியமுள்ளவர்கள் இருப்பதும் இன்றும் உண்டு.

ராணுவ லாரி சேற்றில் இறங்கி ஏற வேண்டும். காட்டில் நின்றுபோனால் அங்கேயே பழுது பார்க்கும்படி இருக்க வேண்டும். எந்தச் சிப்பாய் ஏறினாலும் ஓட்ட வேண்டும். இவற்றையெல்லாம் யோசித்து முடித்த பிறகே உட்காரும் பலகையை யோசித்தார்கள். யுத்த காலத்தில் அது நியாயமாகவே இருக்கலாம். யுத்தம் முடிந்து வண்டி வியாபாரத்துக்கு வந்த பின்பும் அதே பலகையில் ஒரு மனிதனை வருஷக்கணக்கில் உட்கார்த்தி வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

“தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போகிறது!” என்று பலர் சொல்வார்கள். அந்த யோசனை எதனால் பலிப்பதில்லை என்பதைச் சிறிது விளக்க வேண்டும்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கங்களில் கரிசல் மண் மிகுதி. மழையில் உப்பி, வெயிலில் வெடிப்பது அதன் சுபாவம். அதன்மீது போடும் சாலையும் நாளடைவில் அலை அலையாக மேடு பள்ளமாகிறது. அதில் ஓடும் லாரி பல வேகங்களில் அதிர்கிறது. மனித தேகத்தில் முதுகெலும்பையும் வயிற்றையும் அதிகமாகக் குலுக்குவது வினாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் வரும் அதிர்வு. ஊஞ்சலை அது திரும்பும் சமயம் பார்த்துத் தள்ளினால் மேலும் மேலும் உயரப் போகிறதல்லவா? அது போலவே, இந்த வேகத்தில் வரும் அதிர்வு உடம்புக்குள் புகுந்து பெரிதாகிறது.

இப்போது தலையணையின் கணக்கைப் பாருங்கள். ஒருவர் உட்காரும்போது ஆசனம் ஒன்றரை சென்டிமீட்டர் அமுங்கினால், அதன் இயற்கையான ஆட்டம் வினாடிக்கு 4 தடவை. 6 சென்டிமீட்டர் அமுங்கினால் 2 தடவை. 25 சென்டிமீட்டர் அமுங்கினால்தான் 1 தடவை. தன்னுடைய ஆட்டத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் அதிர்வைத்தான் எந்த வில்லும் தடுக்கும். அதற்குக் கீழே வருவதைத் தடுக்காததோடு, பெரிதாக்கியும் விடும். ஆகவே மெல்லிய ஸ்பாஞ்சு போட்ட ஆசனம், எந்த அதிர்வு முதுகுக்கு ஆகாதோ அதையே வளர்த்துக் கொடுக்கிறது. உட்கார்ந்தவுடன் சுகமாயிருக்கும், நூறு மைல் போன பிறகுதான் உண்மை தெரியும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, வண்டியின் அடிப்பகுதி. ராணுவ லாரியின் பட்டைகள் முழுப் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை; காலி வண்டியில் அவை கல்லைப் போல் விறைத்து நிற்கும். துருவேறி ஒட்டிக்கொண்ட பட்டைகளையும், தேய்ந்த புஷ்களையும், உயிரற்ற ஷாக் அப்சார்பர்களையும் கவனிக்காமல் ஆசனத்தை மட்டும் மாற்றுவது பாதி வைத்தியம்.

இரண்டாவது, உட்காரும் இடம். கிளச்சை முழுவதும் மிதிக்கும்போதும் இடுப்பு பின்சாய்வை விட்டு விலகக்கூடாது. முழங்காலின் பின்புறத்துக்கும் ஆசனத்தின் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். ஓட்டுபவர் ஒருவர் நெட்டையாகவும் ஒருவர் குட்டையாகவும் இருப்பார்கள். ஆதலால் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் அவசியம்.

மூன்றாவது, வில்லும் அதை அடக்கும் டாம்பரும் சேர்ந்த ஆசனம். உட்காருபவரின் எடைக்கு ஏற்றபடி அதைத் திருகி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு உயரம் தேவை. பழைய லாரியின் கூரையில் தலை இடிக்குமா என்று அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஆட இடமில்லாமல் அடிக்கட்டையில் மோதும் ஆசனம், வில்லே இல்லாத பலகையைவிடக் கெடுதல். இடம் போதாவிட்டால், கெட்டியான அடித்தளமும் இடுப்பைத் தாங்கும் சாய்வும் உள்ள ஆசனமே மேல்.

நான்காவது, பிடிப்பு. துருப்பிடித்த தரைத் தகட்டில் நாலு போல்ட்டை முடுக்கிவிட்டால் ஆகாது. தகட்டின் அடியில் கனமான இரும்புப் பட்டை கொடுத்து முடுக்க வேண்டும். ஆசனமும் பெல்ட்டும் மோதலின்போது பிடுங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஐந்தாவது, வெப்பம். விருதுநகர்ச் சித்திரை வெயிலோடு எஞ்சின் சூடும் சேர்ந்தால் ரெக்ஸின் உறை அடுப்புத் தட்டாகிவிடும். எஞ்சின் மூடிக்கு வெப்பம் தாங்கும் உறையும், ஆசனத்துக்குக் காற்றுப் புகும் பின்னலும் பெரிய செலவல்ல.

செலவு யாருடையது என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஐரோப்பிய யூனியன் 2002-இல் ஒரு கட்டளை செய்தது. 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட உடல் அதிர்வு, வினாடிக்கு வினாடி 0.5 மீட்டருக்கு மேற்பட்டால் முதலாளி பரிகாரம் தேட வேண்டும், 1.15 மீட்டரைத் தாண்டவே கூடாது. பொறுப்பு முதலாளியுடையது என்பதே அதன் சாரம். நம் மத்திய சர்க்காரும் 2023 டிசம்பரில் ஒரு விதி செய்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வைக்க வேண்டும் என்பது அந்த விதி. நல்ல காரியம். ஆனால் அதற்கு முன் பிறந்த லாரிகளை அது தொடவில்லை. அவற்றுக்கு உடையவருடைய மனச்சாட்சிதான் சட்டம்.

ஓட்டுகிறவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. “பழகிப் போச்சு, ஸார்” என்பார்கள். முதுகு வலிக்கும் மனிதன் அடிக்கடி நெளிவான். களைத்தவனுக்குப் பிரேக்கில் கால் போய்ச் சேர நேரமாகும். அவனுக்குப் பின்னால் இருப்பது பட்டாசாக இருந்தால், அந்த ஒரு வினாடியின் விலை என்னவென்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருவல்லிக்கேணிக் கோயிலில் பார்த்தசாரதியின் உற்சவ மூர்த்தியைத் தரிசித்தவர்கள், முகத்தில் அம்பு பட்ட வடுக்களைக் கண்டிருப்பார்கள். தேரில் நின்று போர் செய்தவனுக்காகத் தேர் ஓட்டியவன் காயம் பட்டான் என்பதை நம் முன்னோர்கள் மறைக்கவில்லை, அதையே வணங்கினார்கள். லாரி ஓட்டும் சாரதியின் காயம் முதுகெலும்புக்குள் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. லாரி வைத்திருக்கும் நேயர்கள் அடுத்த முறை பிரேக்கையும் டயரையும் பரிசோதிக்கச் சொல்லும்போது, ஆசனத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்கு முன், ஒரு நாள் அதில் தாமே உட்கார்ந்து விருதுநகரிலிருந்து சிவகாசி வரையில் போய் வரட்டும். பிறகு நாம் எழுத வேண்டிய அவசியமே இராது.