பயிர் காக்கும் துவக்கு

கதிர் முற்றும் நாளில் கிளிவெட்டி உழவனுக்கு உறக்கமில்லை. காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் ஒரு போகத்து உழைப்பும் விடியுமுன் பாழாகிவிடும்.

அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. அது முறையே. ஆயின், உழவனின் விண்ணப்பம் மேசையில் உறங்கினால் வரம்போரத்தில் கட்டுத்துவக்கு முளைக்கும். அது பன்றியென்றும் மனிதனென்றும் அறியாது. கம்பியில் கால்பட்ட அயலவனையும் வீழ்த்தும்.

நெம்பை இழுத்து அடுக்கடுக்காய்ச் சுடும் றைபிளை நாம் கேட்கவில்லை. அதன் குண்டு வயலைக் கடந்து அடுத்த ஊர்வரை பாயவல்லது. சன்னம் சிதறும் சாதாரண வேட்டைத் துவக்கே போதும்.

2009இல் போர் ஓய்ந்தது. தமிழ் உழவன்மீதுள்ள ஐயமும் ஓயட்டும். தகுதியுடையோர்க்குத் தாமதமின்றி அனுமதி வழங்குக! உழவர்களே, கட்டுத்துவக்கை இன்றே அவிழ்த்தெறியுங்கள்!